குளிர்ந்த குழி

சாம்பியன் ரீப்ஸ்
கோலார் தங்கவயல்
1895 மார்ச் 3

கர்த்தருக்குள் பிரியமான ஜெயசீலிக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தையின் கால் வீக்கம், நீ பாடம் சொல்லிக்கொடுக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் புது மிஸ்ஸியம்மாள் செய்யும் கெடுபிடி, மணலாய்க் கிடக்கும் பாலாறு எல்லாவற்றையும் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: "அந்த வேலையை விட்டீர்களா?"

விடவில்லை. இந்தச் சுரங்கத்துக் கேப்டன் துரை பங்களாவில் நான் சமையற்காரன். ரொட்டி சுடச் சொன்னால் சுடுகிறேன். பீர் காய்ச்சச் சொன்னால் அதையும் காய்ச்சுகிறேன். சீமையிலிருந்து கப்பலேறி வரும் பாட்டில்கள் மதராஸிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் பாதி வெடித்துவிடுகின்றன. மீதி கழுநீர்போல இருக்கிறது. அதனால்தான் துரை தன் ஊர் வழக்கத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முளைகட்டிய பார்லியை வேகவைத்து வடித்து, சீமையிலிருந்து வரும் ஒரு கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் கொஞ்சம் கள்ளுமண்டியை விட்டுப் பீப்பாயில் மூடிவைக்க வேண்டும். மறுநாளே பொங்க ஆரம்பிக்கும்.

இதில் காய்ச்சுவது பெரிய வேலையே இல்லை, ஜெயசீலி. அப்புறம் அதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் வேலை. பொங்கும்போது அடுப்பில்லாமலே அது தானாகச் சூடேறுகிறது, குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிற மாதிரி. வெளியே வெயிலும் சேர்ந்துகொண்டால் தீர்ந்தது, புளித்த காடிதான். மார்கழியில் நன்றாக வந்தது. மாசி பிறந்ததும் கெட்டுப்போயிற்று. துரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கிளாஸைச் சாய்த்து, மிச்சத்தை என் காலடியில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அங்கே தோட்டக்காரன் நின்றிருந்தான், பெருக்குகிற ரத்தினம்மா நின்றிருந்தாள்.

அன்றிலிருந்து நான் விடவில்லை. பின்கட்டில் கீற்றுக் கொட்டகை போட்டேன். பீப்பாய்களைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்கவைத்து, மேலே கோணிச்சாக்கைச் சுற்றினேன். மேற்கு வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டினேன். சாக்கு காயக் காயத் தண்ணீர் விட வேண்டும். காற்றுப் பட்டால் பீப்பாய் மண்பானைபோலச் சில்லிட்டுப் போகிறது. போன சனிக்கிழமை துரை விருந்தாளிகள் முன்னால் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவன்தான் என் ப்ரூவர்" என்றார்.

நான் அதைத் தொட்டு நாக்கில் வைத்ததில்லை, உனக்குத் தெரியும். உன் தம்பியும் அப்படித்தான். இன்பராஜ் என்னோடுதான் பின்கட்டு அறையில் இருக்கிறான். சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து மேலே வந்ததும் எனக்காகத் தண்ணீர் சுமக்கிறான். ஈஸ்டருக்கு அவனை ஊருக்கு அனுப்புகிறேன். நீயும் லீவு விட்டதும் இங்கே வா. கல்யாணமாகி இத்தனை நாளில் நாம் சேர்ந்து இருந்தது எவ்வளவு என்று யோசித்துப் பார்.

உன் புருஷன்
ஏனோக்


வேலூர்
1895 ஏப்ரல் 18

அன்புள்ள அவர்களுக்கு,

இன்பராஜ் வந்து ஈஸ்டர் ஆராதனைக்கு அம்மாவோடு உட்கார்ந்துவிட்டு நேற்றுத் திரும்பினான். இளைத்துப் போயிருக்கிறான். தோளில் காவடிக் கட்டை அழுத்திய தழும்பு. சுரங்கத்துத் தழும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் சொன்னான், அது உங்கள் பீப்பாய்க்குத் தண்ணீர் சுமந்த தழும்பு என்று.

பீர் நல்லதா கெட்டதா என்று உங்களோடு வழக்காடி எனக்கு அலுத்துவிட்டது. இந்தத் தடவை அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதப்போவதில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் கூலி லைனில் தண்ணீர் வண்டி வரும் நாளில் பெண்கள் விடிவதற்கு முன்பே குடத்தை வைத்து இடம் பிடிக்கிறார்களாம். வண்டி முதலில் பங்களாக்களுக்குப் போய்விட்டு, மீதி இருந்தால்தான் லைனுக்கு வருமாம். லைனில் இருக்கும் கங்கம்மா பிள்ளை பெற்ற மறுநாள் உடம்பைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் படுத்திருந்தாளாம். அவள் புருஷன் முனியப்பன் இன்பராஜோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவர். அவர் இவனிடம் கேட்டாராம்: "ஏம்ப்பா, பீப்பாய்க்கு ஊத்தற தண்ணில ஒரு கொடம் எங்களுக்குக் குடுத்தா அது செத்தா பூடும்?" இன்பராஜ் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

குடிக்கத் தண்ணீரில்லாத இடத்தில் நீங்கள் சாக்குக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அது எனக்கு ஜீரணமாகவில்லை. உங்கள் துரை குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டுமானால் அவர் வேறு வழி தேடிக்கொள்ளட்டும்.

நான் வர வேண்டும் என்று எழுதுகிறீர்கள். வருகிறேன். மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் மூடுகிறார்கள். அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள், லீவு முழுவதும் உங்களோடு இருக்கிறேன். நிறுத்தாவிட்டால் இனிமேல் என்னைக் கூப்பிடாதீர்கள்.

ஜெயசீலி


சாம்பியன் ரீப்ஸ்
1895 ஏப்ரல் 30

கர்த்தருக்குள் பிரியமான ஜெயசீலிக்கு,

நிறுத்திவிட்டேன். இனி பீப்பாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்பராஜிடம் கேட்டுப் பார். அவன் உனக்குப் பொய் சொல்ல மாட்டான்.

உன் கடிதத்தைப் படித்துக் கோபம் வந்தது. பிறகு பங்களாவுக்குப் பின்னால் பாறை மேட்டுப் பக்கம் நடந்தபோது ஒரு பழைய குழி கண்ணில் பட்டது. வெள்ளைக்காரன் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னால் இந்த ஊர் ஜனங்கள் பொன்னுக்காகத் தோண்டிய குழிகள் இங்கே நிறைய உண்டு. இது கிணறுபோல நேரே இறங்கி, அடியில் ஒரு பக்கமாக அறைபோல விரிகிறது. தண்ணீர் ஊறவில்லை. நட்டநடு மத்தியானத்தில் கயிறு கட்டி உள்ளே இறங்கினேன். மேலே பாறை சுடுகிறது, அடியில் மார்கழி மாதம்.

துரையிடம் சொன்னதும் அவரே வந்து எட்டிப்பார்த்தார். என் முதுகில் தட்டினார். ஏணி செய்துகொடுத்தார். பீப்பாய்களைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். இன்பராஜும் முனியப்பனும் கயிறு பிடித்தார்கள். குழி வாய்க்குப் பலகை அடித்து, இடுக்கில் களிமண் பூசி, மேலே வைக்கோல் பரப்பிவிட்டேன். சூடு உள்ளே போகவே வழியில்லை. இந்த முறை காய்ச்சியது இதுவரை காய்ச்சியதிலெல்லாம் சிறந்தது என்று துரைசானியே சொன்னாள்.

இன்னொரு சங்கதி. மே இருபத்துநான்காம் தேதி மகாராணியின் பிறந்தநாள். எல்லாச் சுரங்கங்களிலிருந்தும் துரைமார்கள் நம் பங்களாவுக்கு விருந்துக்கு வருகிறார்கள். அதற்காக இன்னும் இரண்டு பீப்பாய் கூடுதலாகப் போட்டு உள்ளே மூடிவைக்கப் போகிறேன். அந்த ஆரவாரம் முடிந்ததும் நீ வா. ஸ்டேஷனுக்கு நானும் உன் தம்பியும் வந்து நிற்போம். முனியப்பனும் இப்போது என்னோடு முகம்கொடுத்துப் பேசுகிறான். தொட்டிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரை லைனுக்கு விடச் சொல்லி நானே துரையிடம் கேட்டேன். எல்லாம் நீ சொன்னதனால்.

அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன்.

ஏனோக்


வேலூர்
1895 ஜூன் 9

நீங்கள் அனுப்பிய தந்தி வந்தபோது நான் உங்களிடம் புறப்படப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். "இன்பராஜ் இறந்துபோனான், உடனே வரவும்." அந்தப் பெட்டியோடுதான் வந்தேன். பௌரிங்பேட்டையில் வண்டி மாறி நான் வந்து இறங்குவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வெயில் காலம், காத்திருக்க முடியவில்லை என்றீர்கள். சரி.

பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனீர்கள். வாசலைத் தாண்டி நடந்தீர்கள். சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனீர்கள். கள்ளிச்செடி ஓரமாக நின்று, "இதுதான்" என்றீர்கள்.

மற்றதெல்லாம் உபதேசியார்தான் சொன்னார். குடித்துவிட்டுக் குழிக்குள் விழுந்து செத்தான் என்று விசாரணையில் எழுதப்பட்டதாம். குடியில் செத்தவனைச் சுவருக்கு உள்ளே வைக்கவும் ஜெபம் வாசிக்கவும் சபையில் வழக்கமில்லையாம். அவர் கெட்டவர் இல்லை.

என் தம்பி பதினாறாவது வயதில் எங்கள் சபையில் எழுந்து நின்று, குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவன். அப்பா குடித்துச் செத்ததைப் பார்த்தவன். உங்கள் பீரின் வாடை பட்டாலே தலைவலி வருகிறது என்று ஈஸ்டருக்கு வந்தபோது அம்மாவிடம் சொல்லிச் சிரித்தான்.

நான் உங்களை அந்தக் கள்ளிச்செடிப் பக்கத்திலேயே கேட்டேன், "குடித்திருந்தானா?" என்று. நீங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதனால்தான் உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த ரயிலில் திரும்பினேன். சுண்ணாம்பு அடித்த அறையை வாசலிலிருந்து பார்த்தேன். அவன் பாய் சுருட்டி வைத்திருந்தது.

எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் பதில் சொல்லுங்கள். அவன் குடித்திருந்தானா?

ஜெயசீலி


சாம்பியன் ரீப்ஸ்
1895 ஜூன் 20

ஜெயசீலிக்கு,

நீ ஒரே கேள்வி கேட்டுவிட்டாய். நடந்தது ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியதல்ல.

விருந்து நடந்துகொண்டிருந்தது. பீப்பாயைக் கயிற்றில் கட்டிவிட அவன் குழிக்குள் இறங்கினான். மயங்கி விழுந்தான். விழும்போது பிடிமானத்துக்கு ஒரு பீப்பாயைப் பிடித்திருக்கிறான், அது கவிழ்ந்து உடைந்தது. மேலே தூக்கியபோது உடம்பெல்லாம் நனைந்து பீர் வாடை. டாக்டர் துரை வந்து பார்த்துவிட்டு உயிரில்லை என்றார்.

மறுநாள் விசாரணைக்குப் போலீஸ் எழுத்தர் வந்தார். கேப்டன் துரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார், கோபமில்லாமல்: "அவன்மேல் மது வாடை வந்ததல்லவா, ஏனோக்?" வந்தது. "எஸ் சார்" என்றேன். கேட்டது வாடையைப் பற்றி. நான் சொன்னதும் வாடையைப் பற்றி. குடித்தான் என்று என் வாயால் சொல்லவில்லை. எழுத்தர் என்ன எழுதினார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பங்களாவில் நின்று, "துரை, உங்கள் கேள்வி சரியில்லை" என்று சொல்கிற சமையற்காரன் எவன்? வேலூரில் மிஸ்ஸியம்மாளின் நிழலில் இருந்துகொண்டு கேட்பது சுலபம். குழியில் கெட்ட காற்று இருந்தது என்று வந்தால், அதில் பீப்பாய் வைக்க விட்டது யார் என்று அடுத்தபடி கேட்பார்கள். துரை பெயர் வரும். துரை பெயர் வந்தால் நான் இந்த ஊரில் எந்த அடுப்பு முன்னாலும் நிற்க முடியாது.

நீ என்னை இப்படிக் கேட்பதனால் நானும் ஒன்று சொல்கிறேன். கொட்டகையில் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்தவரைக்கும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெட்டவெளி, காற்று வந்துபோகும் இடம். தண்ணீரை நிறுத்து, நிறுத்தினால்தான் வருவேன் என்று நீதான் எழுதினாய். நீ எழுதாதிருந்தால் நான் அந்தக் குழிப்பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். இன்பராஜ் இன்றைக்கும் தண்ணீர் சுமந்துகொண்டிருப்பான்.

ஏனோக்


வேலூர்
1895 ஜூலை 2

நீங்கள் எழுதியதை நான் முன்பே எனக்குள் சொல்லிக்கொண்டாயிற்று. ரயிலில் திரும்பி வரும்போதே சொல்லிக்கொண்டேன். தண்ணீரைக் கேட்டது நான். வருவேன் என்று ஆசை காட்டியதும் நான். அந்தப் பங்கை நான் சுமக்கிறேன். நீங்கள் தூக்கி வைக்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் பங்கை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. "அவன் இறங்கினான்" என்று எழுதியிருக்கிறீர்கள், அவனாகவே இறங்கினதுபோல.

நான் ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தபோது ரத்தினம்மா என்னைத் தேடி வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். அன்றைக்குச் சாணி தட்டிக்கொண்டு குழிக்குப் பக்கத்திலேயே இருந்தாளாம். இன்பராஜ் பாதிப் பலகையை நீக்கி விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தானாம். அணைந்துபோயிற்றாம். மறுபடி ஏற்றி இறக்கினானாம், மறுபடியும் அணைந்ததாம். அப்போது நீங்கள் பங்களாவிலிருந்து ஓடிவந்தீர்களாம். அவன் உங்களிடம் ஏதோ சொன்னானாம். நீங்கள் ஏதோ சொன்னீர்களாம். அதற்குப் பிறகுதான் இறங்கினானாம். என்ன பேசிக்கொண்டீர்கள் என்று ரத்தினம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவளுக்கும் அதே பங்களாவில் வேலை, அவளுக்கும் வயிறு இருக்கிறது. உங்களிடம் கேட்கிறேன்.

இங்கே செய்தி வந்துவிட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வேலூருக்கு ஆள் வராத வாரம் உண்டா? கோயிலில் அம்மா உட்காரும் பாயில் இப்போது அம்மா மட்டும்தான் உட்காருகிறார். புருஷனும் குடியில் போனான், மகனும் குடியில் போனான் என்று பேசுகிறார்கள். அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, ஆறியதும் எடுத்துப்போய்க் காக்கைக்குப் போட்டுவிடுகிறார்.

உங்கள் துரையைக் கோர்ட்டுக்கு இழுக்கச் சொல்லவில்லை. நடக்காததைக் கேட்கிற பைத்தியம் இல்லை நான். உங்கள் சபையில், போதகருக்கும் ஜனங்களுக்கும் முன்னால் நின்று நடந்ததைச் சொல்லுங்கள். அவன்மேல் ஜெபம் வாசிக்கட்டும். அதுவரை எனக்கு எழுதாதீர்கள்.

ஜெயசீலி


சாம்பியன் ரீப்ஸ், கூலி லைன்
1895 ஆகஸ்டு 18

ஜெயசீலிக்கு,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த மத்தியானம். பந்தலில் துரைமார்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் இருந்த பீர் தீர்ந்துவிட்டது. துரை என்னைப் பார்த்து இரண்டு தரம் விரலைச் சொடுக்கினார். அன்றைக்குச் சுரங்கத்துக்கு லீவு என்பதால் இன்பராஜும் முனியப்பனும் எனக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தார்கள். பீப்பாயைக் கட்டிவிடச் சொல்லி இன்பராஜை அனுப்பியிருந்தேன். காணவில்லையே என்று ஓடினேன். அவன் பலகையை நீக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"மாமா, வெளக்கு நிக்க மாட்டுது. உள்ள காத்து செரியில்ல. கொஞ்ச நேரம் தெறந்து வெச்சிட்டு அப்பால எறங்கறேன்" என்றான்.

சுரங்கத்தில் வேலை செய்கிறவன் அவன். காற்று அவனுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று, திறந்த வாய் வழியாக வெயில் உள்ளே இறங்குகிறது. புதிதாய்ப் போட்ட பீப்பாய்கள் இன்னும் பொங்கிக்கொண்டிருந்தன. "தெறந்து வெச்சா சூடு ஏறி எல்லாம் கெட்டுப்பூடும்டா. பட்டப்பகல்ல வெளக்கு இன்னாத்துக்கு? எறங்கு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். இறங்கினான். பாதிப் பலகையை நானே மறுபடி இழுத்து மூடினேன்.

ஏணியின் கடைசிப் படியில் காலை வைத்தவன், களைத்துப்போனவன்போல மெல்ல உட்கார்ந்தான். கூப்பிட்டேன், தலை தொங்கியது. அப்புறம் பீப்பாய் கவிழும் சத்தம். நான் பலகைகளை எல்லாம் பிடுங்கி எறிந்தேன், கத்தினேன். ஆனால் இறங்கவில்லை. என் கால் ஏணியில் இறங்கவில்லை, ஜெயசீலி. முனியப்பன்தான் ஓடிவந்து இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கி அவனைத் தூக்கி வந்தான். பொங்குகிற பீரிலிருந்து ஒரு காற்று வெளியேறி அடியில் தண்ணீர்போலத் தேங்கி நிற்குமாம், அதில் விளக்கும் நிற்காது, மூச்சும் நிற்காதாம். டாக்டர் துரை கேப்டன் துரையிடம் இங்கிலீஷில் சொன்னது என் காதில் விழுந்தது. விசாரணையில் அவர் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போன மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றேன். "அவன் குடிக்கல, ஐயா. அவன் எறங்க மாட்டேன்னான். நான்தான் எறக்கனேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் பக்கம் யாரோ அழுதார்கள். சபை மூப்பர் ஒருவர், இதை விசாரணையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். போதகர் அடுத்த ஞாயிறு சபையாரோடு கள்ளிச்செடிப் பக்கம் வந்து முழு ஜெபமும் வாசித்தார். லைனிலிருந்து முனியப்பன், கங்கம்மா, இன்னும் பல இந்து ஜனங்களும் வந்து நின்றார்கள். உடம்பைத் தோண்டி உள்ளே மாற்ற வேண்டாம், சுவரை நீட்டிக் கட்டும்போது அந்த இடத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். எப்போது கட்டுவார்கள் என்று தெரியாது.

நான் எழுந்து நின்று சொன்ன அன்று சாயங்காலமே துரைக்குச் சேதி போயிற்று. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போவதற்கு முன் புதுச் சமையற்காரனுக்குப் பீர் காய்ச்சச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போ" என்றார். சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். என்ன மனுஷன் நான் என்று நீ கேட்கலாம். குழியைக் கல் கொட்டி மூடிவிட்டார்கள். பீப்பாய்கள் திரும்பக் கொட்டகைக்கு வந்துவிட்டன. ஈரச்சாக்கு, தொட்டி, வெட்டிவேர்த் தட்டி எல்லாம் பழையபடி. தண்ணீர் வண்டி பழையபடி முதலில் பங்களாவுக்குத்தான் வருகிறது.

லைனில் ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன். எந்தப் பங்களாவிலும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். வேலூருக்கு வரட்டுமா? ஓட்டலிலோ ஆஸ்பத்திரியிலோ சமைக்கலாம். அத்தை காலில் விழுகிறேன். நீ சொன்னதைச் செய்துவிட்டேன், ஜெயசீலி.

ஏனோக்


வேலூர்
1895 செப்டம்பர் 1

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் விடவில்லை. "எறங்கு" என்று நீங்கள் சொன்ன இடத்தில் அம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பிறகு அவரே, "மேல படி" என்றார்.

நீங்கள் எழுந்து நின்று சொன்னது சின்ன விஷயமில்லை. எனக்கு அது தெரியும். நான் கேட்டதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். நான் கேட்டது அவனுக்காக, உங்களை மன்னிப்பதற்கு விலையாக அல்ல. அந்த வித்தியாசம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இல்லை.

உங்கள் போதகர் எங்கள் போதகருக்கும் எழுதியிருந்தார். அவர் அதை இங்கே சபையில் வாசித்தார். போன ஞாயிறு பெண்கள் அம்மாவின் பாயில் வந்து இருபுறமும் நெருங்கி உட்கார்ந்தார்கள், ஒருத்தி கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். அம்மா எழுந்து பின்னால் போய் வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் வேலூருக்கு வர வேண்டாம். வரலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வரட்டும், சோறு போடு. ஆனா எம் மொகத்துல முழிக்க வேணாம்" என்றார். ஒரே அறை உள்ள வீட்டில் அது எப்படி முடியும்? எனக்கும் முடியாது. நீங்கள் பேசும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கேட்கும். உங்களுக்கும் என் குரலில் தண்ணீர் தண்ணீர் என்றுதான் கேட்கும். அப்படி இரண்டு பேர் ஒரு கூரைக்குக் கீழே இருக்க வேண்டாம்.

லைன் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கப் போகிறார்கள், தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று உங்கள் போதகர் அதே கடிதத்தில் எழுதியிருந்தார். நான் போகிறேன் என்று மிஸ்ஸியம்மாளிடம் சொல்லிவிட்டேன். அம்மாவும் வருகிறார். இந்த வயதில் அந்தப் புழுதிக்கு எதற்கு என்று தடுத்துப் பார்த்தேன். "செவுத்துக்கு வெளிய அவன் ஒண்டியா கீறான்" என்றார்.

அக்டோபர் முதல் வாரம் வந்து சேருவோம். அதற்குள் நீங்கள் அந்த ஊரைவிட்டுப் போய்விடுங்கள். எங்கே என்று எனக்கு எழுத வேண்டாம். கர்த்தர் உங்களைக் காப்பாற்றட்டும் என்று எழுதுகிறேன். அதை நான் மனதார எழுதுகிறேனா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதீர்கள். அம்மாவைக் கைப்பிடித்து இறக்க முனியப்பன் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

ஜெயசீலி